காடி பட்ட சாயம்

எங்கள் மாதாகோவில் பங்கில் ஒரு வருஷம் சேசுநாதருக்கு இரத்தம் காய்ச்சிக் கொடுத்தவள் நான். இப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது? பாஸ்கு நாடகம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களிடம் எல்லாவற்றையும் அடியிலிருந்துதான் சொல்லிவர வேண்டும்.

சேசுநாதர் பாடுபட்டு மரித்ததை நடித்துக் காட்டுவதுதான் பாஸ்கு. மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டி இருந்தது எங்கள் பங்கு. நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் முடியும் தறுவாயில், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு சாயங்காலம், கோவில் மைதானத்தில் மேடை போட்டு ஆடுவோம். என் அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். வசனம் எழுதுவது அவர், சொல்லிக்கொடுப்பது அவர், தப்பாகச் சொன்னவனை முறைப்பதும் அவர். கடைசிக் காட்சியில் ரோமைச் சேவகர் தலைவனாகச் சிலுவையின் கீழே ஈட்டி பிடித்து நிற்பவரும் அவர்தான். தகரத்தில் செய்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டால் அப்பாவுக்குக் கழுத்தே திரும்பாது.

அது யுத்த காலம். துணிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், சீமைச் சாயப்பொடி கண்ணிலேயே படாது. அதனால் முந்தின வருஷ நாடகத்தில் யாரோ ஒரு மகானுபாவர் பீட்ரூட் சாற்றில் வெல்லப்பாகு கலந்து இரத்தம் செய்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிலுவையில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ஈ மொய்த்தது, அப்புறம் எறும்பு ஏறியது. கை இரண்டையும் கட்டிவிட்டார்களே, பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்? நெளிந்தார். முதுகைச் சிலுவை மரத்தில் தேய்த்தார். ஜனங்கள் முதலில் வேதனை என்று நினைத்து அழுதார்கள், பிறகு விஷயம் புரிந்து சிரித்தார்கள். பங்குச் சுவாமியார் மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் சேசுநாதர் மரிக்கும்போது ஜனங்கள் சிரித்தால் அதுவே கடைசி பாஸ்கு என்று சொல்லிவிட்டார். அப்பா அந்த வருஷம் முழுவதும் பீட்ரூட்டை வீட்டுக்குள் விடவில்லை.

இதற்கு நடுவில் என் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தையல் டீச்சர். லஸ் முனையில் டிராம் ஏறுவேன். அந்த டிராமில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். நெடுநெடுவென்று உயரம், ஒல்லி, சாந்தமான முகம். வீடு அடையாற்றங்கரையில். அவருடைய அம்மா ஆப்பம் சுட்டு விற்றுப் பிள்ளையை வளர்த்தவர். நான் ஏறியதும், "இன்னா டீச்சரம்மா, குந்துங்க, அங்க எடம் கீது" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்பதற்காக முந்தின டிராமை விட்டுவிட்டு நின்ற நாட்கள் எனக்கு உண்டு. வெட்கமென்ன, சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

தபசுகாலத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பதால், அது தொடங்குவதற்கு முன்னாலேயே அவருடைய அம்மா தட்டில் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டுவிட்டார். அப்பா மரியாதையாக உட்காரவைத்தார், காப்பி கொடுக்கச் சொன்னார், பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார். அந்த அம்மா தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தது கச்சேரி. தமிழ் வாத்தியார் வீட்டில் 'கீது' என்று பேசுகிறவன் மாப்பிள்ளையா, நாளைக்குப் பேரப்பிள்ளை என்னை 'நைனா' என்று கூப்பிடவா என்று தாம்தூமென்று குதித்தார். அப்பாவே பிறந்தது திருவான்மியூருக்கு அப்பால் கொட்டிவாக்கத்தில். அங்கிருந்து சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் மட்டும் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். ஏன் என்று நான் அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

சுவாமியாருக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. அந்த வருஷம் சேசுநாதர் வேஷத்துக்கு ஆள் தேடியபோது, பூசையில் பின்வரிசையில் நின்ற உயரமான கண்டக்டரைக் கையைக் காட்டிவிட்டார். அப்பா திகைத்துப்போனார். சுவாமியார் சொன்னதை மறுக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து, சேசுநாதர் சிலுவையில் தொங்கிக்கொண்டு 'தாகமா கீது' என்று சொன்னால் நான் ஊரைவிட்டே போய்விடுவேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

என் அம்மா அதிகம் பேசமாட்டார், பேசினால் இடம் பார்த்துப் பேசுவார். அந்தப் பையன் ஒரு வார்த்தை பிசகாமல் நடித்து முடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"மேடையில கடைசி வரைக்கும் சுத்தமாப் பேசட்டும். ஈஸ்டர் கழிஞ்சு நானே கூப்பிட்டுப் பேசறேன். ஒரு இடத்துல நாக்கு தவறினாலும் இந்தப் பேச்சே வீட்டுல எடுக்கக் கூடாது."

ஆக, என் கல்யாணம் அந்த மனுஷனின் நாக்கில் தொங்கியது. அவரிடமும் அப்பா இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் சரி சார் என்று மட்டும் சொன்னாராம். சேசுநாதர் வேஷம் கட்டுகிறவருக்கு எங்கள் பங்கில் ஏகப்பட்ட கட்டுப்பாடு உண்டு. தபசுகாலம் முழுக்க மாமிசம் கூடாது, பீடி கூடாது, யாரோடும் சண்டை கூடாது. டிராம் கண்டக்டர் யாரோடும் சண்டை போடாமல் காலம் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். சில்லறை இல்லை என்று ஏறுகிறவர்களையெல்லாம் அவர் கைகூப்பி வரவேற்றார் என்று லஸ் முழுக்கப் பேச்சு. டிராம் காலியாகப் போகும்போது வசனத்தை முணுமுணுப்பார். என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

இரத்தம் செய்கிற வேலை எப்படி என் தலையில் விழுந்தது என்றால், நானாகத்தான் போய் விழுந்தேன். அவர் மேலே மறுபடியும் எறும்பு ஏறவிட எனக்கு மனசில்லை. அம்மா நாகர்கோவில் பக்கம் பிறந்தவர். அங்கே வெயில் காலத்தில் குடிக்கிற தண்ணீரில் பதிமுகக் கட்டையின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும், தாகத்துக்கு நல்லது, சூட்டைத் தணிக்கும். அதையே கெட்டியாகக் காய்ச்சினால் சாயம். பாய்க்குக் கோரையை அதில்தான் சிவப்பேற்றுவார்கள். படிகாரம் சேர்த்தால் பருத்தித் துணியில் நன்றாகப் பிடிக்கும். வயிற்றுக் கடுப்புக்கு அதே கஷாயத்தைக் கொடுப்பாரும் உண்டு. இத்தனைக்கும் பயன்படுகிற கட்டை மயிலாப்பூர்க் குளத்தண்டை நாட்டு மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைத்தது.

பல வருஷம் கழித்து ரசாயனம் படித்த என் தங்கை மகன், அந்தக் கட்டையில் இருக்கிற சரக்குக்குப் பிரேசிலின் என்று பெயர் சொன்னான். நம் ஊர்க் கட்டை போலவே சிவப்புத் தரும் மரம் அமெரிக்காப் பக்கம் ஏராளமாகக் கிடைத்ததால்தான், போர்த்துக்கீசியர்கள் போய் இறங்கிய அந்த நாட்டுக்கே பிரேசில் என்று பெயர் வந்ததாம். அதே போர்த்துக்கீசியர்கள்தான் மயிலாப்பூரிலும் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் ஏனோ அந்தப் பெயரை வைக்காமல் விட்டுவிட்டார்கள், தப்பித்தோம்.

நான் சீவலை இரவு ஊறவைத்து, காலையில் சுண்டக் காய்ச்சினேன். முதலில் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு நிறம் வந்தது. அது இரத்தம் இல்லை, ஆரஞ்சுப்பழச் சர்பத். அப்போது அம்மா வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். ஐயோ, அந்த நிறத்தை என்னவென்று சொல்வது! பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளீரென்று கருஞ்சிவப்பாக மாறியது. வழியாமல் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் சோற்றுக்கஞ்சி சேர்த்தேன். என் முழங்கையில் பூசி வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஈ வரவில்லை, எறும்பு வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டம்மா மட்டும் ஓடிவந்து எங்கே அடிபட்டது என்று கேட்டார். எனக்கு அதைவிட வேறென்ன நற்சாட்சி வேண்டும்?

இனிமேல்தான் காடி வருகிறது. சிலுவையில் சேசுநாதர் தாகமாயிருக்கிறேன் என்றதும், சேவகன் ஒருவன் கடற்பஞ்சைக் காடியில் தோய்த்துக் கோலில் மாட்டி வாயருகே நீட்டுவான். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. காடி என்றால் நன்றாகப் புளித்த புளிப்புத் தண்ணீர். எங்கள் வீட்டில் கள்ளைப் புளிக்கவைத்த காடி ஒரு ஜாடி நிறைய இருக்கும், கறி சமைக்க. எல்லா வருஷமும் பஞ்சில் பச்சைத் தண்ணீரைத்தான் நனைப்பார்கள். அந்த வருஷம் அப்பாவுக்குச் சுத்தம் தலைக்கேறியிருந்தது. வசனம் சுத்தம், வேஷம் சுத்தம், காடியும் சுத்தமாகக் காடியாகவே இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முகம் தானாகச் சுளிக்கும், நடிக்கவே வேண்டாம் என்று காரணம் வேறு. ஜாடியோடு தூக்கிக்கொண்டு போனார். கோலை நீட்டுகிற வேலையையும் வேறு யாரையும் நம்பாமல் தாமே எடுத்துக்கொண்டார். பின்னால் நடந்ததற்கு என்னைக் குறை சொன்னவர்கள் உண்டு. இரத்தம் கேட்டார்கள், நல்ல இரத்தம் கொடுத்தேன். அதன் தலையில் காடியை ஊற்றப்போகிறார்கள் என்று எனக்குக் கனவா வரும்?

குருத்து ஞாயிறு வந்தது. விளக்கு வெளிச்சம் அதிகம் காட்டக் கூடாத காலம் என்பதால், பொழுது இருக்கும்போதே ஆடி முடிப்பது வழக்கம். மைதானம் நிறைய ஜனம். திருவான்மியூர், அடையாறு என்று தூரத்திலிருந்தெல்லாம் நடந்து வந்திருந்தார்கள். சுவாமியார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் மேடைக்குப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் சாயக் கிண்ணத்தோடு நின்றேன். சாட்டையடி முடிந்து உள்ளே வந்தவருக்கு நெற்றியிலும் மார்பிலும் நான்தான் இரத்தக் கோடு வரைய வேண்டும். கோணாமல் வரைந்தேன். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. உதடு மட்டும் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

வார்த்தைக்கு வார்த்தை அவர் பேசிய தமிழைக் கேட்டு நான் அசந்துபோனேன். தீர்ப்புச் சொல்லும் பிலாத்து முன்னால் பேசினார், எருசலேம் பெண்களைப் பார்த்துப் பேசினார், ஒரு எழுத்து பிசகவில்லை. சிலுவையில் ஏற்றியாயிற்று. சாயங்கால வெயில் நேராக அவர் மேல் விழுந்தது. பூசியிருந்த சிவப்பு நிஜ இரத்தமாகவே தெரிந்தது. பெண்கள் விம்ம ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சம்தான், ஆண்டவரே, இன்னும் கொஞ்சம்தான் என்று நான் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தாகமாயிருக்கிறேன்" என்றார்.

அப்பா ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சை ஜாடிக்குள் நன்றாக அமுக்கித் தோய்த்துக் கோலை நீட்டினார். கவசத்தால் கழுத்து நிமிரவில்லை, குறி தெரியாமல் பஞ்சை முகவாயில் வைத்து அழுத்திவிட்டார். காடி மொத்தமும் வழிந்து மார்பில் இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் இரத்தம் மஞ்சளாக மாறியது. மெதுவாகக்கூட இல்லை. கல்யாண வீட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதுபோல் மார்பு முழுக்க மஞ்சள்.

அப்பா கவசத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மேலே பார்த்தார். கோலைக் கீழே போட்டார். மைதானம் முழுவதும் கேட்கிற மாதிரி, எங்கள் அப்பா, தமிழ் வாத்தியார், ரோமைச் சேவகர் தலைவன், ஒரு சத்தம் போட்டார்.

"அய்யய்யோ! இன்னா நைனா இது, மஞ்சளா கீதே!"

அத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த கொட்டிவாக்கப் பேச்சு அப்படியே அவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. ஜனங்களில் யாரோ ஒருவர் களுக்கென்றார். அடுத்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். சுவாமியார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் போனார். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். தாம் என்ன பேசினோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது. என் அப்பாவை அந்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எல்லாம் போயிற்று, பாஸ்கும் போயிற்று, என் கல்யாணமும் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது சிலுவையிலிருந்து குரல் வந்தது. நிதானமான, கனிவான குரல். அப்பா எழுதாத வசனம்.

"சேவகர் தலைவரே, ஏன் கலங்குகிறீர்? இது பிதாவின் சித்தம். உமக்குக் குறித்த பணியை நீர் செய்து முடியும்."

மைதானம் அடங்கிவிட்டது. சிரிக்க வாயெடுத்தவர்கள்கூட, இது நாடகத்தில் உள்ளதுதான் போலிருக்கிறது, அந்தச் சேவகன் பயந்து அலறியதும் நடிப்புதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா குனிந்து ஈட்டியை எடுத்தார். சிலுவையில் இருந்தவர் "எல்லாம் நிறைவேறிற்று" என்று சொல்லித் தலையைச் சாய்த்தார்.

அதோடு முடிந்திருந்தாலே போதும். முடியவில்லை. மாதா வேஷம் கட்டியவர் எங்கள் தெருத் தையற்காரர். நல்ல மனுஷன், ஆனால் வெற்றிலை போடாமல் அரை மணி இருக்கமாட்டார். தட்டிக்குப் பின்னால் தம் முறைக்குக் காத்திருந்த நேரத்தில், நீல முக்காட்டுக்குள்ளேயே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டிருந்தார். சிலுவையிலிருந்து இறக்கி மடியில் கிடத்தியதும், மகனே என்று கதறி, மார்பில் கையை வைத்துத் தடவினார். விரலில் சுண்ணாம்பு. மஞ்சளுக்கு நடுவில் விரல் பட்ட இடமெல்லாம் இரத்தம் குபுகுபுவென்று மறுபடி சிவந்து வந்தது. முன்வரிசைப் பெண்கள் "மாதாவே" என்று அலறி முழங்காலில் விழுந்தார்கள். பின்வரிசையும் விழுந்தது. சுவாமியார் தம்மையறியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நாடகம் முடிந்ததும் சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, நிஜத்தைச் சொல், என்ன செய்தாய் என்றார். நான் மூன்று தம்ளரில் சாயத்தை ஊற்றி, ஒன்றை அப்படியே வைத்து, ஒன்றில் காடி, ஒன்றில் காடிக்கு மேல் சுண்ணாம்பு விட்டு அவர் முன்னாலேயே நிறத்தை மாற்றிக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த பூசையில் பிரசங்கத்தில், அது புதுமையும் அல்ல, அற்புதமும் அல்ல, கட்டைச் சாயம் என்று விளக்கமாகச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? சேசுநாதர் இடுப்பில் கட்டியிருந்த துணியில் ஒரு துண்டு கிடைக்குமா என்று பல பெண்கள் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள்.

அப்பா ஈஸ்டருக்கு முந்தின அந்தப் பெரிய வாரம் முழுவதும் யாரோடும் பேசவில்லை. நாடகம் நன்றாயிருந்தது என்று தெருவில் யாராவது நிறுத்தினால் அவருக்கு அது குத்தலாகவே பட்டது. நான் எதிரே வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் சொன்ன நிபந்தனைப்படி கண்டக்டர் ஜெயித்துவிட்டார். ஆனால் தோற்றவர் அப்பாவாயிற்றே. தம் மானம் போன மேடையில் ஜெயித்தவனுக்குப் பெண் கொடுக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? ஈஸ்டரன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன், பூசை முழுவதும் அழுகையை அடக்கிக்கொண்டே நின்றேன்.

ஈஸ்டர் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, நான் கிளம்பும்போது அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. லஸ் வரைக்கும் கூடவே நடந்தார். டிராம் வந்தது. கண்டக்டருடைய டிராம்தான். இருவரும் ஏறி உட்கார்ந்தோம். டிராமில் கூட்டம். பாதிப்பேர் தெரிந்த முகம், அப்பாவிடம் படித்தவர்களும் இருந்தார்கள். அவர் டிக்கெட் கிழிக்க எங்கள் பக்கம் வந்தார். அப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று, சுத்தத் தமிழில் வணக்கம் ஐயா என்றார். என்னைக் குந்தச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். டிராமில் எல்லாரும் கேட்கும்படி, உரக்கவே சொன்னார்.

"நைனா, சாயங்காலம் உங்கம்மாவ வூட்டாண்ட இட்டுக்கினு வா. பேச வேண்டியது கீது."

அவர் கையிலிருந்த டிக்கெட் கட்டு கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் அப்பா இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார்.

கல்யாணச் சேலைக்கு ரேஷனில் கிடைத்தது வெள்ளைத் துணிதான். அதே கட்டையில் படிகாரம் போட்டு நானே சிவப்பேற்றினேன். விருந்துப் பந்தியில் ஊறுகாய், எலுமிச்சைச் சர்பத், காடி எதையும் என் பக்கம் யாரும் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. அப்பாதான் பக்கத்தில் நின்று காவல் காத்தார்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கை கட்டிக்கிடக்கிறது, மார்பெல்லாம் மஞ்சள், ஜனங்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், அந்த நேரத்தில் அப்படி ஒரு வசனம் எப்படி வந்தது என்று. எனக்காகத்தான் என்று அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன், வேறென்ன?

"உங்கப்பா மூஞ்சியப் பாத்தேன். சின்னப்புள்ள கணக்கா பயந்துபோயி நின்னாரு. ஊரே அவரப் பாத்து சிரிச்சா மனுசன் தாங்குவாரா?"

அப்போ நம் கல்யாணத்தை நினைக்கவே இல்லையா என்றேன்.

"அத்த அப்ப மறந்தே பூட்டேன், டீச்சரம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சோறு போடும்போது, கரண்டிக்குக் கரண்டி கூடவே போட்டேன்.